பதினேழு படிகளும் ஐந்து செக்கனும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்திலிருந்து ஆபீசுக்கு ஏறுகிற கல்படிகள் பதினேழு. பிறந்ததிலிருந்து அந்தப் படிகளைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அவற்றை எண்ணியது ஒரே ஒரு நாள். அன்றைக்கு ஒரு மனிதர் என் அம்மாவை அவற்றில் இரண்டு தடவை ஏறி இறங்க வைத்தார்.

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் களத்தில் கூடிப் பேர் கொடுப்பது. வெளிவேலையைப் பார்க்கிற கண்டாக்கையா ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் குரல் கொடுக்க வேண்டும். பிறகு கொழுந்து எடுக்க இன்ன மலைக்குப் போ என்பார். கண்டாக்கையாவும் தமிழர்தான். டவுனில் பிறந்து வளர்ந்தவர், தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவர். “அவர்” என்றுதான் எனக்கு எழுத வருகிறது. நாலு தலைமுறைப் பழக்கம், கை தானாக மரியாதை போடுகிறது. மனசு போடவில்லை.

அன்றைக்கு அம்மா தன் பேர் வந்ததும் குரல் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகாமல் அவர் முன்னால் போய் நின்றாள். கொஞ்ச நாளைக்குத் தன்னைத் தவறணைக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். ஆற்றோரம், சமதரை. உட்கார்ந்தபடி சின்னச் சின்னப் பைகளில் மண் நிரப்புகிற வேலை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினால் கண் இருட்டுகிறது என்று சொன்னாள்.

“என்னா செய்யுது ஒனக்கு?” என்று கேட்டார்.

“நெஞ்சுக்குள்ள, பத்தாத டியூப்லைட்டு மாதிரி மினுக்கு மினுக்குன்னு அடிக்குதுங்க ஐயா. பொறவு அப்படியே அணைஞ்சி போவுது. அப்பதான் கண்ணு இருட்டுது.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன் போற? வயரிங்காரனக் கூப்புடு.”

களத்தில் சிரிப்பு எழுந்தது. சிரிக்காவிட்டால் நமக்கும் கஷ்டமான மலை விழும் என்று சிரித்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆபீஸ் படியைக் கையால் காட்டினார்.

“இந்தா, இதுல ஏறிக் காட்டு. விழுந்தியன்னா தவறணை. விழலன்னா மலை.”

அம்மா கூடையோடு ஏறினாள், இறங்கினாள். இன்னொருக்கா என்றார். மறுபடி ஏறினாள், இறங்கினாள். மூச்சு வாங்கியதே தவிர ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா, ஆடு மாதிரி ஏறுறா” என்றார் அவர். பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

நான் களத்துக்கு மேலே ரோட்டில் ராகலை பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் பை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்போது ஒரு சின்னப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கச் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. எல்லாம் எனக்குக் கேட்டது, எல்லாம் தெரிந்தது. நான் இறங்கிப் போகவில்லை. படிகளை மட்டும் எண்ணினேன்.

ஏன் போகவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிடக் கேவலமான காரணம் ஒன்றும் இருந்தது. அம்மா இரண்டாம் தடவை ஏறி விழாமல் இறங்கியபோது, நிஜமாகவே இவளுக்கு நோய் வருத்தம் இருக்கிறதா என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. அதற்கு முன் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்திருந்தோம். மூன்றிலும் ஒன்றுமில்லை. படுக்க வைத்து நாலு நிமிசம் எடுக்கிற படத்தில் அவளுடைய நெஞ்சு ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. அந்த ஒரு நொடிச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் அந்த மனிதர் மேல் எனக்கு வன்மம். என்னையும் அவர் தன் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

பஸ்சில் உட்கார்ந்ததும் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் பேசியதை வரி தப்பாமல் எழுதினேன். வயரிங்காரன். விழுந்தியன்னா தவறணை. ஆடு மாதிரி ஏறுறா. கீழே கோடு போட்டு, இதே களத்தில், இதே வாயால், அம்மா சொன்னது பொய்யில்லை என்று சொல்ல வைப்பேன் என்று எழுதினேன். தினமும் வகுப்புக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்ப்பேன். சிலர் காலையில் விபூதி பூசிக்கொள்வதைப் போல.

டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு சிங்கள டாக்டர் இருந்தார், வயது குறைந்த பெண். அம்மாவை “அம்மே” என்றுதான் கூப்பிடுவார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அம்மாவின் டியூப்லைட் கதையை மொழிபெயர்த்தேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, இவரும் சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, அணைந்து போகிறது என்றாரே, எவ்வளவு நேரம் என்று கேட்டார். பிறகு காகிதத்தில் ஒரு இதயம் வரைந்தார்.

மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறையின் ஒரு மூலையில்தான் துடிப்புக்கான மின்சாரம் புறப்படுகிறது. அது மேலறைச் சுவர் வழியாக ஒழுங்காகப் பரவி, கீழே இறங்க வேண்டும். சிலருக்கு அந்தப் பாதை கெட்டுப் போகும். அப்போது மேலறை முழுக்க மின்சாரம் சிதறி, துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். நடுக்கம் அடங்கியதும், புறப்படுகிற மூலை உடனே விழித்துக்கொள்ளாமல் கொஞ்சம் சும்மா இருந்துவிடும். அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் ஆபத்து. ஆனால் இது வந்து வந்து போகிற வருத்தம். வருகிற நேரத்தில் பிடித்தால்தான் உண்டு.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லில் இதே படத்தை வரைந்து, சோணையறை, கணு என்று ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி முழுப் புள்ளி எடுத்தவன் நான். அந்தப் பரீட்சைக்கு முந்தின மாதம் அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பித்தம் என்று நான்தான் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி விட்டார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் அது நெஞ்சின் ஒவ்வொரு அடியையும் பதியும். டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்ன விசயம் ஒன்றுதான். வழக்கமாகச் செய்கிற வேலை எல்லாவற்றையும் செய்ய வேண்டும், சும்மா இருக்கக்கூடாது. எப்போது மினுக்குகிறதோ அந்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. முதல் நிறுவைக்கு முன்னாலயா பின்னாலயா என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொழுந்து நிறுக்கிற நேரம் எனக்குத் தெரியும், கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளலாம். மறுநாள் அவள் பெட்டியோடு மலைக்குப் போனாள், நான் பாடசாலைக்குப் போனேன்.

முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்து, அம்மா வேலை செய்தாரா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன். மலைக்குப் போனேன் என்றாள். அது பொய்யில்லை, போனாள்.

அன்று சாயங்காலம் லயத்து வீட்டு வரிசைக்கு வந்த பிறகுதான் நடந்தது தெரிந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தை, அம்மாவோடு ஒரே செட்டில் கொழுந்து எடுப்பவள், வாசலில் நின்று பெருமையாகச் சொன்னாள்.

“ஒரு கொழுந்து அவளக் கிள்ள விட்டமா? மிசினு ஒடைஞ்சிருச்சின்னா யாரு பதில் சொல்றது? சவுக்கு மரத்தடியில படங்கு விரிச்சி மகாராணியாட்டம் ஒக்கார வச்சிட்டோம். ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போட்டு அவ கூடையையும் நெறைச்சிட்டோம். கண்டாக்குக்கே தெரியாது.”

எங்கள் ஆட்கள் செய்கிற வழக்கம் அது. பிள்ளைத்தாச்சி, காய்ச்சல்காரி, வீட்டில் சாவு விழுந்து வந்தவள், யாராக இருந்தாலும் அவள் கூடையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி விழும். அந்தக் கைப்பிடியால் நாங்கள் பல தடவை பிழைத்திருக்கிறோம். அன்றைக்கு அதே கைப்பிடி அம்மாவின் சாட்சியை அழித்துவிட்டது. நாள் முழுக்க மர நிழலில் உட்கார்ந்து, நிரம்பிய கூடையை இன்னொருத்தி தூக்கி வர, கை வீசி நடந்து வந்த ஒரு பெண்ணின் நெஞ்சைத்தான் அந்தப் பெட்டி பதிந்தது. அந்த நெஞ்சுக்கு ஏன் வருத்தம் வரப்போகிறது?

அத்தையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அம்மாவைத்தான் கேட்டேன். “அவளுக அவ்வளவு ஆசையா சொல்றாளுக, எப்படிடா தம்பி மாட்டேங்கிறது” என்றாள்.

ஒரு குறையும் இல்லை என்ற முடிவு அந்த மனிதர் காதுக்கு எப்படிப் போகும் என்று கவலைப்பட வேண்டிய தேவையே இருக்கவில்லை. லீவு போட்ட நாளுக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்பதால் அம்மா அந்த ரிப்போர்ட்டைப் பெரட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் அதைக் கையில் வாங்கினார். இங்கிலீசில் இருந்ததை எல்லாருக்கும் கேட்க உரக்க வாசித்து, அர்த்தமும் சொன்னார். “நோர்மலாம். மெசினே சொல்லிருச்சி. மகன் படிச்சவன்ல, நல்லா பேப்பர் கொண்டாந்து குடுத்திருக்கான்.” அன்றிலிருந்து அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள் பதினோராம் நம்பர் மலை. எங்கள் தோட்டத்தில் அதைவிடச் செங்குத்தான மலை கிடையாது. கொழுந்தை நிறுக்க மேலே லொறி ரோடு வரைக்கும் சுமந்துகொண்டு ஏற வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இதையும் எழுதினேன்.

நான் தனியாகக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் மரத்தடிக் கதையைச் சொன்னேன். அவர் இந்தத் தடவை சிரித்தார். பிறகு உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்டியோடு வேலைக்குப் போக இன்னொரு நாள் குறித்துக் கொடுத்தார். குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் பதினோராம் நம்பர் மலை. எனக்கு அது தெரியும். வேறு நாள் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

புதன் சாயங்காலம் கிளினிக்கில் பெட்டியைக் கட்டி விட்டார்கள். பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு வியாழன் நானும் மலைக்குப் போனேன். செட்டுப் பெண்கள் ஏழு பேரிடமும் சொன்னேன், யாரும் அம்மாவின் கூடையில் ஒரு இலைகூடப் போடக்கூடாது, சுமையைத் தொடக்கூடாது, அவளாக உட்கார்ந்தால் சரி, யாரும் உட்காரச் சொல்லக்கூடாது. ஏன் என்று விளக்கினேன். முதல் தடவை தாங்கள் செய்தது என்னவென்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கி, வயர்கள் அதற்குள் மறையும்படி கட்டிக்கொண்டு தேயிலை நிரையில் இறங்கினாள்.

பத்து மணிக்குக் கண்டாக்கையா வந்தார். மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும், “என்னா தம்பி, அம்மாவுக்குக் கரண்டு கனெக்சன் குடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் பேசாமல் நின்றது இன்றைக்கும் எனக்குப் பெருமை. பேசியிருந்தால் அந்தக் கோபம் அங்கேயே செலவாகிப் போயிருக்கும்.

முதல் நிறுவைக்குக் கூடையை நிறைத்துக்கொண்டு அம்மா ஏற ஆரம்பித்தாள். நான் பத்தடி பின்னால். மழை பெய்து மண் வழுக்கியது. கூடைக் கயிறு நெற்றியை இழுத்துப் பிடித்திருந்தது. பாதி ஏற்றத்தில் நின்று, திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி விரல்களைப் படபடவென்று ஆட்டிக் காட்டினாள். மினுக்குகிறது என்று அர்த்தம். நான் போனில் நேரம் பார்த்து எழுதினேன். அவள் அதோடு நின்றுவிடவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து அடி எடுத்து வைத்தாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று தோன்றியது. விழட்டும், பதியட்டும் என்று தோன்றியது. பெத்தவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

அவள் விழுந்தாள். முழங்கால் மடங்கி, கூடையோடு ஒரு பக்கமாகத் தேயிலைச் செடி மேல் சாய்ந்தாள். கொழுந்து சரிந்து கொட்டியது.

நான் முதலில் போனைப் பார்த்தேன். பத்து நாற்பத்தொன்று. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

நான் போய்ச் சேருமுன்னே அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். அத்தையும் மற்றவர்களும் கூடையை அவிழ்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அழுது, தொழிற்சாலை லொறியை மறித்து, அவளை ஏற்றினார்கள். அத்தனை கலவரத்திலும் நான் ஒரு கையால் இடுப்புப் பெட்டியை அழுத்திப் பிடித்திருந்தேன், வயர் கழன்றுவிடக்கூடாது என்று.

ஆஸ்பத்திரியில் அன்றே படுக்கை கொடுத்தார்கள். மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். பத்து நாற்பதுக்குச் சற்று முன்னால் கோடு ஒழுங்கு கெட்டு, மேடும் பள்ளமும் தாறுமாறாக நெருங்கி ஓடியது. மேலறைகளின் நடுக்கம். அம்மாவின் டியூப்லைட். அப்புறம் அது சட்டென்று அடங்கியது. அடங்கிய இடத்திலிருந்து ஒரு நேர்கோடு. மேடில்லை, பள்ளமில்லை. பென்சிலும் அடிமட்டமும் வைத்துப் பிள்ளைகள் போடுகிற கோடு மாதிரி. டாக்டர் விரலால் அளந்து காட்டினார், ஐந்து செக்கன். ஐந்து செக்கன் என் அம்மாவின் நெஞ்சு சும்மா இருந்திருக்கிறது. பிறகு ஒரு அடி, தயங்கி இன்னொரு அடி.

அம்மா அணைந்து போகிறது என்று சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. படிக்காத பெண் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். கண்டிக்கு அனுப்பிப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், இரத்தம் கட்டாமலிருக்க மருந்து வேண்டும், இனி ஏற்றத்தில் சுமை தூக்கவே கூடாது என்றார். தோட்டத்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். நான் ரிப்போர்ட்டில் இரண்டு பிரதி கேட்டேன். எதற்கு இரண்டு என்று கேட்டார். ஒன்று ஆபீசுக்கு என்றேன். மற்றதை அவர் கேட்கவில்லை.

அம்மாவைக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். சேதி கேட்டு வந்து அவளோடு இருந்தார். நான் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து, காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். ரோட்டில் நிற்கவில்லை, களத்துக்கே போனேன்.

கண்டாக்கையா என்னைப் பார்த்ததும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு எப்படி என்று கேட்டார், தோட்டத்து மேனேஜர் தொரை சொல்லிவிட்டார், தவறணையில் பேர் போட்டாயிற்று என்றார். நான் ரிப்போர்ட்டை நீட்டினேன்.

“போன தடவை நீங்கதானே வாசிச்சி அர்த்தம் சொன்னீங்க. இதையும் வாசிங்க.”

“ஆபீசுல வச்சிப் பேசலாமே, சேர்.”

அதுவரைக்கும் நான் அவருக்குத் தம்பி. அன்றைக்குத்தான் சேர் ஆனேன்.

“அம்மாவ ஆபீசுல வச்சா கேட்டீங்க?” என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பேர் அத்தையுடையது. அத்தை குரல் கொடுக்கவில்லை. முதுகிலிருந்த கூடையை இறக்கி, தரையில் கவிழ்த்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்ற ஆறு பேரும் கூடையைக் கவிழ்த்தார்கள். நான் அவர்களிடம் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பின்வரிசையில் இன்னும் கூடைகள் கவிழ்கிற சத்தம் கேட்டது. அன்றைக்குச் சிரித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

“வாசிக்கட்டும்யா,” என்றாள் அத்தை. “எங்களுக்கும் கேக்கணும்.”

கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு காலை வேலை நின்றாலும் தொரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். வாசித்தார். முதல் தடவை இருந்த குரல் இப்போது இல்லை. மருத்துவச் சொற்களில் தடுக்கினார். தடுக்கிய இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன், வகுப்பில் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதைப் போல, பொறுமையாக. அர்த்தம் சொல்லுங்கள் என்றேன்.

“மேல உள்ள அறையில கரண்டு சரியா ஓடல. அஞ்சு செக்கன் நெஞ்சு நின்னுருக்கு.”

“அப்ப அம்மா சொன்னது?”

அவர் காகிதத்தைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். “பொய்யில்ல” என்றார். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன். “பொய் சொல்லல” என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவருடைய காது சிவந்திருந்ததை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். எனக்கு அது இனித்தது. அந்த இனிப்பை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் கண்டிக்குப் போனேன். பேஸ்மேக்கர் வைத்தாகிவிட்டது. இடது தோளுக்குக் கீழே கட்டு, கை அசையாமல் துணியில் தொங்கியது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கேட்காமல் மெதுவாக எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். கூடை கவிழ்த்தது, சேர் என்றது, காது சிவந்தது. அம்மா அழுவாள், அல்லது போதும் விடுடா என்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மலையில நான் விழுந்தப்ப, மொதல்ல போனத்தானே பாத்த?” என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“நல்லதுடா தம்பி. அதையும் விட்டிருந்தா நான் விழுந்தது வீணு.” வலது கையால் தோள் கட்டைத் தொட்டு, “அவன் சொன்னது சரி. ஆனா நான் இல்லாத எடத்துல சொன்னது எனக்கு எதுக்கு? இது ஆறட்டும். நான் வர்றேன்” என்றாள்.

என் வன்மத்தை அதுவரை பெரிசு என்று நினைத்திருந்தேன். அவளுடையது என்னுடையதைவிட மூத்தது. நான் வைத்திருந்ததெல்லாம் கொப்பியின் ஒரு பக்கம்தான்.

மூன்று மாதம் கழித்து அம்மா வேலைக்குத் திரும்பினாள். தவறணைக்குப் போகிறவர்கள் பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்க வேண்டியதில்லை, நேரே ஆற்றோரத்துக்குப் போய் அங்கேயே பேர் கொடுக்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். சலுகை மாதிரிச் சொல்லியிருந்தார். அம்மா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு களத்துக்கே போனாள். நான் ரோட்டில் என் பழைய இடத்தில் நின்றேன், இந்தத் தடவை வேடிக்கை பார்க்க. அவள் கூட்டத்தில் நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே அந்தப் படிகளில் ஏறினாள். ஒவ்வொரு படியாக, நிதானமாக, பதினேழும். உச்சிப் படியில் திரும்பி, எல்லாரையும் பார்த்து நின்றாள். அவர் கீழே நின்றார்.

அவர் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவளுடைய பேர் வந்தது. கூப்பிட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணாந்து பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் தடவை அவர் பேரோடு அம்மா என்று சேர்த்துக் கூப்பிட்டார். அதற்கும் அவள் உடனே பதில் சொல்லவில்லை. நான் போனைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

“இருக்கேன்” என்றாள். பிறகு படியிறங்கி, அவரைத் தாண்டி, தவறணைக்குப் போகிற பாதையில் நடந்தாள்.

மன்னிப்பைப் பற்றியும் இரண்டு வரி எழுதச் சொன்னார், இதை வாசித்துப் பார்த்த ஒரு சிநேகிதர். முயன்று பார்த்தேன், வரவில்லை. அந்த மனிதர் இப்போதும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார், இப்போதும் பேர் கூப்பிடுகிறார். பேஸ்மேக்கர் பற்றரியை எத்தனையோ வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். அது ஓடுகிற வரைக்கும் என்று அம்மா தினமும் வேலைக்குப் போகுமுன் களத்துக்கு வருகிறாள், உச்சிப் படியில் நிற்கிறாள். அவர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் குரல் கொடுக்கிறாள். செட்டுப் பெண்கள் அந்த நேரம் கூடையை முதுகில் ஏற்றாமல், கவிழ்க்கிற தோதில் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் இன்றுவரை ஏன் என்று கேட்டதில்லை.